26-ஆல் வகுக்காதீர்கள்: சம்பளத்திலிருந்து நாள் ரேட்டுக்கு மாறுவோருக்கான கேள்வி–பதில்

கேரள, ஆந்திர எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்த முறை ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருந்தன. ஆலை வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக கான்ட்ராக்ட் எடுத்தால் நாளுக்கு எவ்வளவு கேட்பது, போக்குவரத்தும் பேட்டாவும் யார் கணக்கு?

கேள்வி: பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஓர் ஆலையில் 11 வருஷமாக மெயின்டனன்ஸ் இன்ஜினியராக இருக்கிறேன். பிஎல்சி (மெஷினை ஓட்டும் கன்ட்ரோலர்), டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), பேனல் வேலை எல்லாம் பார்ப்பேன். கைக்கு 46,000 வருகிறது, பேசிக் 28,000. ஓணத்துக்கு ஒரு மாத பேசிக் போனஸ் உண்டு. வேலையை விட்டுவிட்டு பாலக்காடு, கோவை ஆலைகளுக்கு நாள் கணக்கில் போகலாம் என்றிருக்கிறேன். 46,000-ஐ 26-ஆல் வகுத்தால் 1,769 வருகிறது. நாளுக்கு 2,500 கேட்டால் போதுமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: போதாது. 2,500-க்கு வருஷத்தில் 180 நாள் வேலை கிடைத்தாலும் 4,50,000 தான் ஆகிறது. இப்போது கைக்கு வரும் சம்பளமே வருஷத்துக்கு 5,52,000. அதாவது எழுநூறு ரூபாய்க்கு மேல் கூட்டிக் கேட்டும் நஷ்டத்தில்தான் நிற்பீர்கள். மாதத்துக்கு 26 வேலைநாள் என்று வகுக்கிற கணக்கு, மாதம் முழுக்க வேலை கொடுத்து, லீவுக்கும் சம்பளம் தருகிற முதலாளி இருக்கும்வரை சரி. இனி அந்த ஆள் இல்லை.

முதலில் வகுத்தலில் மேலே வரவேண்டிய தொகையை, அதாவது வருஷத்துக்கு உங்களுக்குத் தேவையானதைக் கூட்டுவோம். கைச்சம்பளம் 5,52,000. உங்கள் சம்பளத்திலிருந்து பிடித்த பிஎஃப் 12 சதவீதம், மாதம் 3,360, வருஷத்துக்கு 40,320. அதுவும் உங்கள் சேமிப்புதான், இனி நீங்களே ஒதுக்க வேண்டும். கம்பெனி போட்ட பங்கு இன்னொரு 40,320. கிராஜுவிட்டி ஒரு வருஷத்துக்கு 15 நாள் பேசிக்; 28,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 16,154. போனஸ் 28,000. கம்பெனியின் குரூப் மெடிக்கல் போய்விடுவதால் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு, உங்களுக்கு விபத்துக் காப்பீடு, டேர்ம் பாலிசி மூன்றுக்கும் 40,000 என்று வைத்திருக்கிறோம். உங்கள் வயதைச் சொல்லி விலை கேட்டு அந்த எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். இதுவரை ஏறக்குறைய 7,17,000.

அடுத்து தொழிலின் செலவு. 75,000 ரூபாய் லேப்டாப் மூன்று வருஷம் உழைத்தால் வருஷத்துக்கு 25,000. கிளாம்ப் மீட்டர், மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்), மல்டிமீட்டர், புரோகிராமிங் கேபிள்கள் என்று 60,000-க்கு வாங்கி நாலு வருஷம் வைத்தால் 15,000. மீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்று வாங்கும் காலிபரேஷன் 6,000. சான்று பழசானால் பெரிய ஆலைகளில் ரீடிங்கை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். போன், நெட் 12,000. ஆடிட்டர் 18,000. சேஃப்டி ஷூ, ஹெல்மெட் முதலியவை 4,000. மொத்தம் 80,000. பிஎல்சி சாஃப்ட்வேர் லைசென்ஸை இதில் சேர்க்கவில்லை. ஆலையிடம் லைசென்ஸ் இருந்தால் அவர்களுடைய லேப்டாப்பிலேயே வேலையை முடியுங்கள். இல்லாவிட்டால் அதன் விலையை இங்கே கூட்டியாக வேண்டும், அது சின்னத் தொகை இல்லை.

ஆக வருஷத்துக்கு 7,97,000 வரவேண்டும். இனி கீழே வகுக்க வேண்டிய எண், அதாவது வருஷத்தில் கூலி கிடைக்கும் நாட்கள். பலரும் தவறுவது இங்கேதான்.

365-இல் ஞாயிறு 52 போனால் 313. ஓணம், விஷு, பொங்கல், தீபாவளி, மற்ற விடுமுறைகளுக்கு 14 நாள். காய்ச்சல், கல்யாணம், காதுகுத்துக்கு 18. கொட்டேஷன் கொடுக்க, சைட் பார்க்க, பில் பணம் வாங்க அலைய, புது மாடல் டிரைவைக் கற்றுக்கொள்ள என்று 30 நாள். மீதி 251. இந்த 251 நாளும் யாரும் உங்களுக்காக வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கப் போவதில்லை. ஒரு வேலைக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கால்வாசி நாள் சும்மா போகும் என்று வைத்தால் 188. முதல் வருஷத்துக்கு 180 என்று எடுப்பதே பத்திரம்.

7,97,000-ஐ 180-ஆல் வகுத்தால் 4,428. இதற்குக் கீழே போனால் சம்பளத்திலேயே இருந்திருக்கலாம். வராக்கடன், ரிப்பேர், வளர்ச்சி எல்லாவற்றுக்கும் 10 சதவீதம் கூட்டினால் 4,871. கொட்டேஷனில் 4,900 என்று எழுதுங்கள். பயணமும் தங்கலும் இதில் சேராது.

ஒருவர் ஆறு மாதத்துக்கு, மாதம் 22 நாள் உறுதி என்று எழுத்தில் தந்தால் குறைக்கலாம். நாள் 251 வரை போகும் என்றால் 7,97,000 வகுத்தல் 251, அதாவது 3,175 வரை இறங்க இடமிருக்கிறது. ஆனால் 'மாசம் பூரா வேலை இருக்கு சார்' என்ற வாய்ச்சொல்லுக்கு அந்த ரேட்டைக் கொடுத்துவிடாதீர்கள். மாதத்துக்கு நாலு நாள் கூப்பிட்டு, நீண்டகால ரேட்டையே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். உறுதியளித்த நாளுக்குக் குறைந்தால் மீதிக்கும் பணம் என்ற வரி ஒர்க் ஆர்டரில் இருந்தால்தான் சலுகை ரேட்.

கேள்வி: 'நாள்' என்பதை எப்படி எழுதுவது? காலை எட்டு மணிக்குப் போனால் கேட் பாஸ் போடவே பத்தாகிறது. ராத்திரி பதினொன்றுக்கு விட்டுவிட்டு ஒரு நாள் என்கிறார்கள்.
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: ரேட்டைவிட இந்த வரையறைதான் பணத்தைக் காப்பாற்றும். ஒர்க் ஆர்டரில் இப்படிப் போடச் சொல்லுங்கள்: ஒரு நாள் என்பது கேட்டில் பெயர் எழுதிய நேரத்திலிருந்து வெளியேறும் நேரம் வரை 8 மணி நேரம், சாப்பாட்டு இடைவேளை நீங்கலாக. கேட் பாஸ், சேஃப்டி இண்டக்ஷன், ஒர்க் பெர்மிட் வாங்கக் காத்திருப்பது எல்லாம் இதற்குள். 8 மணிக்கு மேல் மணிக்கு ஒன்றரை மடங்கு. 4,900 நாள் ரேட்டானால் மணிக்கு 612, ஓவர்டைம் 919 ஆகும். இரவு 10-க்கு மேல் ஷட்டவுன் வேலையை இரட்டையாகக் கேட்பதில் தப்பில்லை, மறுநாள் உங்களால் வேறு எங்கும் போக முடியாது.

வேலை 4 மணி நேரத்துக்குள் முடிந்தால் அரை நாள். ஆனால் ஒருவழிப் பயணமே ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் சைட்டுக்கு அரை நாள் ரேட்டே கிடையாது என்று எழுதுங்கள். மெஷின் வரவில்லை, கரன்ட் இல்லை, ஹர்த்தால் என்று நீங்கள் சைட்டில் சும்மா உட்கார்ந்தால் முழு நாள். கிளம்புவதற்கு 24 மணி நேரத்துக்குள் 'வேண்டாம்' என்றால் பாதி. கேரளத்தில் ஹர்த்தால் அறிவிப்பு முந்தின நாள் மாலைதான் வந்தது என்றால், பஸ்ஸும் கடையும் இல்லாத ஊரில் லாட்ஜில் முடங்கும் நாளுக்கு யார் பொறுப்பு என்பதையும் முன்கூட்டியே பேசுங்கள். வேலைநாள் ரேட்டில் பாதியும் தங்கல் செலவும் என்பது இரு தரப்பும் ஏற்கக்கூடிய ஏற்பாடு.

ஒவ்வொரு நாளும் டைம் ஷீட்டில் உள்ளே வந்த நேரம், வெளியேறிய நேரம், செய்த வேலை மூன்றையும் எழுதி, அன்றே சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கி போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்துக் கேட்டால், ஓவர்டைம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கேள்வி: ஆந்திரத்தின் ஶ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி 'எல்லாம் சேர்த்து நாளுக்கு 5,500' என்கிறது. அவர்களுடைய திருப்பதி, நெல்லூர் சைட்டுக்கும் அதே ரேட்டாம். காரில்தான் போய் வருகிறேன். ஒத்துக்கொள்ளலாமா?
– வாசகர், ஊத்துக்கோட்டை

பதில்: ஶ்ரீசிட்டிக்கு மட்டும் என்றால் யோசிக்கலாம். நெல்லூருக்கும் திருப்பதிக்கும் அதே தொகை என்றால் வேண்டாம். தூரம் கூடக்கூட உங்கள் கூலி குறைந்துகொண்டே போகும், ஆனால் ரேட் மாறியதாகவே தெரியாது.

காருக்கு கிலோமீட்டர் செலவைப் போட்டுப் பாருங்கள். லிட்டர் பெட்ரோல் 105 என்று வைத்து, லிட்டருக்கு 15 கி.மீ. ஓடினால் 7 ரூபாய். நாலு டயர் 20,000-க்கு வாங்கி 40,000 கி.மீ. ஓட்டினால் 50 பைசா. வருஷத்துக்கு 15,000 கி.மீ. ஓட்டுபவருக்கு சர்வீஸ் 12,000 என்றால் 80 பைசா, இன்சூரன்ஸ் 12,000 என்றால் இன்னொரு 80 பைசா. காரின் மதிப்பு வருஷத்துக்கு 40,000 குறைகிறது என்றால் 2.67. கூட்டினால் 11.77. கிலோமீட்டருக்கு 12 ரூபாய்க்குக் குறைவாக வாங்கினால் காரை விற்றுச் சாப்பிடுவதாகத்தான் அர்த்தம். பெட்ரோல் பில்லை மட்டும் கொடுத்து வாங்குபவர்கள் மீதி 5 ரூபாயைத் தங்கள் கையிலிருந்து போடுகிறார்கள். பைக்குக்கு இதே முறையில் 4 ரூபாய் அளவில் வரும். ஆந்திரத்திலும் கேரளத்திலும் பெட்ரோல் தமிழ்நாட்டைவிட விலை கூட. முடிந்தவரை எல்லைக்கு இந்தப் பக்கம் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். டோல் தனி, ஃபாஸ்டாக் ஸ்டேட்மென்ட்டைப் பில்லோடு சேர்த்தால் கேள்வி வராது. 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் தேசிய நெடுஞ்சாலை டோலில் போக வர இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான் பிடிப்பார்கள், அதையே கணக்கில் காட்டுங்கள்.

தங்கலுக்கு ரேட் போட்டுக்கொள்ளாதீர்கள், ரூமை கம்பெனியையே அவர்கள் பெயரில் போடச் சொல்லுங்கள். புரட்டாசி பிரம்மோற்சவத்தின்போது திருப்பதியில் ரூம் விலை எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும், அந்த ஏற்றம் உங்கள் தலையில் விழக் கூடாது. சாப்பாட்டுக்கு மட்டும் பில் சேர்க்காமல் நாளுக்கு இவ்வளவு பேட்டா என்று நிர்ணயித்துவிடுங்கள், டீக்கடையில் யாரும் பில் தருவதில்லை. வெளியூரில் தங்கும் நாளுக்கு ஒரு பேட்டா, அன்றே திரும்பும் நாளுக்கு அதில் பாதி என்று பிரித்தால் போதும்.

'எல்லாம் சேர்த்து' என்பதில் வரிச் சிக்கலும் உண்டு. பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரியான டிடிஎஸ்ஸை முழு 5,500-க்கும் பிடிப்பார்கள். நீங்கள் பெட்ரோலுக்குக் கொடுத்த பணமும் உங்கள் வருமானமாகவே கணக்கில் ஏறும். ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும் 20 லட்ச வரம்பை நோக்கியும் அதே தொகை ஓடும். கட்டணத்துக்கு ஒரு பில், செலவுக்கு அசல் ரசீதுகளோடு இன்னொரு பில் என்று பிரித்தால் டிடிஎஸ் பிடித்தம் கட்டணத்தோடு நிற்க வழி இருக்கிறது. இதை அவர்களுடைய அக்கவுன்ட்ஸ் ஆளிடம் முதல் பில்லுக்கு முன்பே பேசிவிடுங்கள்.

கேள்வி: வாளையாறு எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குப் பில் போட்டால் முதல் ரூபாயிலிருந்தே ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்கிறார் நண்பர். உண்மையா?
– வாசகர், மதுக்கரை

பதில்: பொருளுக்கு உண்மை, சேவைக்கு இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் சேவை மட்டும் தருபவர்களுக்கு 2017 அக்டோபர் 13 அறிவிக்கையிலேயே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். நாடு முழுவதும் ஒரே பான் எண்ணில் வரும் உங்கள் மொத்த விற்றுமுதல் வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பதிவு கட்டாயமில்லை. வீட்டு வாடகை போல வரிவிலக்கு உள்ள வரவும் இந்த 20 லட்சத்தில் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

மாட்டிக்கொள்வது எங்கே என்றால், கான்டாக்டர், சென்சார் என்று உதிரிப் பாகத்தையும் வாங்கிப்போய் கஞ்சிக்கோட்டு ஆலைக்குத் தனி பில்லில் விற்கும்போது. அது மாநிலம் தாண்டிய பொருள் விற்பனை, பதிவு உடனே வேண்டும். பாகம் எது என்று எழுதிக்கொடுங்கள், ஆலையே வாங்கட்டும்.

பதிவு பெற்ற பிறகு கேரள ஆலைக்குப் போடும் பில்லில் 18 சதவீதம் ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டிய ஜிஎஸ்டி), கோவை ஆலைக்கு 9-உம் 9-உமாக மத்திய, மாநில வரி. வரித்தொகையைப் பில்லில் தனியாகக் காட்டுங்கள், அந்தப் பகுதிக்கு டிடிஎஸ் கிடையாது. உங்கள் பெயரில் எடுத்த ரூம், பயணம் ஆகியவற்றை அப்படியே திருப்பி வாங்கினாலும் அவை சேவையின் மதிப்பில் சேர்ந்து 18 சதவீத வரிக்குள் வரும். பாலக்காட்டு லாட்ஜ் பில்லில் இருக்கும் கேரள மாநில வரியைத் தமிழ்நாட்டுப் பதிவில் வரவு எடுக்கவும் முடியாது. கம்பெனி பெயரில் ரூம் என்று மேலே சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

கேள்வி: டிடிஎஸ் 10 சதவீதம் பிடிக்கிறார்கள். என் வருமானத்துக்கு வரியே வராது என்கிறார் ஆடிட்டர். அப்புறம் எதற்குப் பிடிக்கிறார்கள்?
– வாசகர், சத்தியவேடு

பதில்: பிடிப்பவருக்கு உங்கள் மொத்த வருமானம் தெரியாது, அதனால்தான். தொழில்முறைக் கட்டணம் என்று எடுத்தால் 10, தொழில்நுட்பச் சேவை என்றால் 2, தனிநபரின் ஒப்பந்த வேலை என்றால் 1 சதவீதம். ஒர்க் ஆர்டரின் வாசகத்தைப் பார்த்துத்தான் அக்கவுன்ட்ஸில் முடிவு செய்வார்கள். அதனால் 'கன்சல்டன்சி' என்று போடுவதா, 'மெயின்டனன்ஸ் ஒப்பந்தம்' என்று போடுவதா என்பதில் உண்மையில் செய்யும் வேலைக்குப் பொருந்தும் சொல்லை நீங்களே எழுதிக்கொடுங்கள். வருஷத்துக்கு 8,82,000 பில் போடுபவருக்கு 10 சதவீதம் என்றால் 88,200 ரூபாய் ரிட்டர்ன் தாக்கல் செய்து ரீஃபண்ட் வரும்வரை முடங்கும். கையில் ஓட்டத்துக்குப் பணம் வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

பொறியியல், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற தொழில்களுக்கு 44ஏடிஏ என்று பழகிப்போன அனுமானக் கணக்கு உண்டு. 2026 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் மாறினாலும் ஏற்பாடு தொடர்கிறது. வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் அதில் குறைந்தது பாதியை லாபமாகக் காட்டினால் போதும், பெட்ரோல் பில் சேர்த்துவைக்க வேண்டாம். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் வரம்பு 75 லட்சம். பாதிக்கும் குறைவாகக் காட்டினால் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் தேவைப்படலாம். முன்கூட்டிய வரி கட்ட வேண்டியிருந்தால் மார்ச் 15-க்குள் ஒரே தவணை.

கேள்வி: பில் கொடுத்து 90 நாளாகியும் பணம் வரவில்லை. கேட்டால் 'எங்க பாலிசி அப்படி' என்கிறார்கள்.
– வாசகர், நகரி

பதில்: குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்யும் உத்யம் பதிவு இருக்கிறதா? இல்லாவிட்டால் இன்றே செய்யுங்கள், ஆதாரும் பானும் போதும், கட்டணம் இல்லை. குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் வருஷச் சட்டம். ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்திரக் கூட்டு வட்டி. 2023-24 கணக்காண்டிலிருந்து இன்னொரு பிடியும் உண்டு: இந்தக் கெடு தாண்டிய பாக்கியை, உங்களிடம் வேலை வாங்கிய கம்பெனி பணம் கொடுத்த வருஷத்தில்தான் தன் செலவாகக் கழிக்க முடியும். அதனால் மார்ச்சில் அக்கவுன்ட்ஸில் இந்தப் பாக்கிகளைத் தேடித் தீர்ப்பார்கள். உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள், வேலை தொடங்கும் முன்பே பதிவு இருக்கட்டும். புது வாடிக்கையாளரிடம் முதல் வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு அட்வான்ஸ் கேளுங்கள். அதற்கே தயங்குபவர் மீதியை எப்போது தருவார் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: கோவையிலிருந்து 300 கிலோ டெஸ்டிங் கிட்டைக் கொச்சிக்குக் கொண்டுபோகிறேன். இறக்குகூலியை ரேட்டில் சேர்க்கலாமா?
– வாசகர், கிணத்துக்கடவு

பதில்: சேர்க்காதீர்கள், தொகையை நீங்கள் நிர்ணயிக்க முடியாது. கேரளத்தில் சுமைதூக்கும் தொழிலாளருக்கென்று 1978-ஆம் வருஷச் சட்டமே இருக்கிறது. பல இடங்களில் பதிவுபெற்ற உள்ளூர்த் தொழிலாளர்தான் இறக்குவார்கள், கூலியும் அங்கே நிர்ணயமானது. இறக்காமலே பார்த்துக்கொண்டிருந்ததற்குக் கேட்கும் நோக்குகூலியை 2018 மே 1 முதல் ஒழித்ததாகக் கேரள அரசு அறிவித்துவிட்டது, அதைத் தரவேண்டியதில்லை. நியாயமான இறக்குகூலி வேறு, அதை உழைத்தவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். 'சைட்டில் ஏற்றி இறக்குவது வாடிக்கையாளர் பொறுப்பு' என்று ஒரு வரி போதும். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராகவும் கருவியின் மதிப்பு 50,000-க்கு மேலாகவும் இருந்தால், விற்பனைக்கு இல்லை, சொந்த உபயோகத்துக்கு என்று குறித்த டெலிவரி சலானும் இ-வே பில்லும் (சரக்கைக் கொண்டுபோவதற்கான ஆன்லைன் சீட்டு) வண்டியில் இருக்க வேண்டும். சலானில் ஒவ்வொரு கருவியின் சீரியல் எண்ணையும் எழுதுங்கள். திரும்பி வரும்போது ஆலை கேட்டில் எது உங்களுடையது என்று காட்ட வேண்டியிருக்கும். உள்ளே போகும்போதே செக்யூரிட்டியிடம் அந்தச் சலானில் முத்திரை வாங்கிவிட்டால் கருவிகள் வெளியே வருவதில் தகராறு இருக்காது.

கேள்வி: விட்டுவந்த கம்பெனியே கான்ட்ராக்டில் திரும்பக் கூப்பிடுகிறது. 'வெளியே போன பிறகு இரண்டு வருஷம் வேறு யாருக்கும் இதே வேலை செய்யக் கூடாது' என்றும் எழுதச் சொல்கிறது.
– வாசகர், செங்கோட்டை

பதில்: போகலாம், புது ரேட்டில். அவர்கள் பழைய சம்பளத்தை நாளாக்கித்தான் பேசுவார்கள், முதல் பதிலில் உள்ள கணக்கை எடுத்துவையுங்கள். இரண்டு வருஷத் தடை, 1872-ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தத்தைச் சட்டம் ஏற்பதில்லை. ஆனால் அவர்களுடைய புரோகிராம், டிராயிங், விலைப்பட்டியல் ஆகியவற்றை வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற ரகசிய காப்பு ஷரத்து செல்லும். அதில் தயங்காமல் கையெழுத்துப் போடலாம். தினமும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, லீவுக்கு அனுமதி, வேறு வாடிக்கையாளர் கூடாது என்று மூன்றும் இருந்தால் அது பிஎஃப் இல்லாத வேலைதான், கான்ட்ராக்ட் இல்லை. வாரத்தில் இத்தனை நாள் என்று அவர்களுக்கு ஒதுக்கிவிட்டு, மீதி நாளில் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பதை ஒர்க் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.